பல ஆண்டு தூங்கிய லினக்ஸை எழுப்புவது எப்படி?

நண்பர் ஒருவரின் அச்சகத்தில் பழைய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. அதில் டெபியன் 10 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருந்தார்கள். கணக்குப் பதிவுகள், வாடிக்கையாளர் பட்டியல், நூற்றுக்கணக்கான அழைப்பிதழ் மாதிரிகள் எல்லாம் அதற்குள்தான். வேலை ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததால் அதை இணையத்தோடு இணைக்க யாருக்கும் தோன்றவில்லை. புதிய அச்சுப்பொறி வாங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. அதற்குரிய மென்பொருளை நிறுவுவதற்காக இணைய இணைப்பைக் கொடுத்து, கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தில் ஆப்ட் அப்டேட் என்று நண்பர் தட்டியிருக்கிறார். திரை முழுக்கப் பிழைச் செய்திகள். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவிவிடுங்கள் அண்ணே, அதுதான் சுலபம்" என்று அருகில் இருந்தவர் சொன்னாராம். என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது நண்பரின் குரலில் கலக்கம் தெரிந்தது.

அழிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. புதுப்பிப்பு தோற்றுவிட்டது என்றால் கணினி கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. வெளியுலகத்தைப் பற்றி அந்தக் கணினி அறிந்து வைத்திருந்த செய்திகள் பழசாகிவிட்டன, அவ்வளவுதான். எங்கே போய்ப் பொதிகளை வாங்குவது, யாருடைய கையொப்பத்தை நம்புவது, இன்று என்ன தேதி என்பதெல்லாம் அது கடைசியாக விழித்திருந்த நாளோடு நின்றுபோயிருக்கின்றன. எந்தச் செய்தி பழசாகிவிட்டது என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும். அதைப் படிக்கப் பழகினால் மீட்பு வேலையில் பாதி முடிந்துவிடும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். கணினியின் அமைப்பை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால், நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிப்பு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. அந்தப் பொதிகள் களஞ்சியம் எனப்படும் இணைய வழங்கியில் (சர்வரில்) அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. டெபியன் 10-இன் களஞ்சியத்தில் 57,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன. உங்கள் கணினியில் ஈடிசி அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) ஆப்ட் என்ற அடைவு இருக்கும், அதில் சோர்சஸ்.லிஸ்ட் என்ற கோப்பு இருக்கும். களஞ்சியத்தின் முகவரி எழுதியிருப்பது அதில்தான். ஆப்ட் அப்டேட் என்று சொன்னால் கணினி அந்த முகவரிக்குப் போய்ச் சரக்குப் பட்டியலை மட்டும் வாங்கி வருகிறது. ஆப்ட் அப்கிரேட் என்று சொல்லும்போதுதான் பட்டியலையும் தன்னிடம் உள்ளவற்றையும் ஒப்பிட்டு, புதிய பொதிகளை இறக்குகிறது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் தொடக்கநிலையில் பலர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பட்டியல் வாங்குவதிலேயே தோற்றுவிட்ட கணினிதான் நாம் பேசும் கணினி.

வாங்கி வந்த பட்டியல் உண்மையானதுதான் என்று கணினி எப்படி நம்புகிறது? சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயப் பத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முத்திரையும் கையொப்பமும் சரியாக இருந்தால் உள்ளே எழுதியிருக்கும் சர்வே எண்களை நம்புகிறோம். களஞ்சியத்திலும் ரிலீஸ் என்று ஒரு சிறிய கோப்பு உண்டு. டெபியன் திட்டம் தன்னுடைய இரகசியச் சாவியால் அதில் மின் கையொப்பம் இடுகிறது. அந்தக் கோப்புக்குள் பொதிப்பட்டியலின் எஸ்எச்ஏ-256 எண் இருக்கிறது. அது கைரேகை மாதிரி. பட்டியலில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் இருக்கிறது. ஆக, ஒரே ஒரு கையொப்பம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகளுக்குக் காவல் நிற்கிறது. கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்கான பொதுச்சாவிகள் உங்கள் கணினியிலேயே ஒரு சாவிக்கொத்தில் கோக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மதிப்பு உண்டு. பொதி எந்த நாட்டின் எந்த வழங்கியிலிருந்து வந்தாலும், வழியில் யார் கை பட்டிருந்தாலும், கைரேகை பொருந்தாவிட்டால் உள்ளே நுழைய முடியாது.

மீட்பைத் தொடங்கும் முன் தரவுகளை வெளியே ஒரு வட்டில் நகல் எடுத்துவிடுங்கள். ஹோம் அடைவும் ஈடிசி அடைவும் கட்டாயம் வேண்டும். தரவுத்தளம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதன் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் போதாது. அந்தத் தரவுத்தளத்துக்குரிய கட்டளையால் உள்ளடக்கத்தைத் தனியாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். அச்சகக் கணினியில் வாடிக்கையாளர் பட்டியல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தது. பிஜி-டம்ப்-ஆல் என்ற கட்டளையால் அதை ஒரே கோப்பாக வெளியே எடுத்தோம். அன்று செய்த வேலைகளில் பயனுள்ளது அதுதான் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்து, எதைத் தொடுவதற்கும் முன் தேதியைப் பாருங்கள். டேட் என்று தட்டினால் போதும். பழைய கணினிகளின் தாய்ப்பலகையில் சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போனால் கணினி ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் பழைய தேதி ஒன்றையே நம்பிக்கொண்டிருக்கும். அப்போது களஞ்சியத்தின் ரிலீஸ் கோப்பு எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல் அதற்குத் தோன்றும். "நாட் வேலிட் யெட்", அதாவது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று மறுத்துவிடும். இணையதளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ்களையும் இதே காரணத்தால் மறுக்கும். டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ என்ற கட்டளை இணையத்திலிருந்து சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சாவியிலும் சான்றிதழிலும் மணிக்கணக்கில் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் தேதிதான் தவறு என்று கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

தேதி சரியாக இருந்தும் "404 நாட் ஃபவுண்ட்" என்று வந்தால், அந்த முகவரியில் கடை இல்லை என்று பொருள். "ரிலீஸ் கோப்பு இப்போது அங்கே இல்லை" என்ற பொருளில் இன்னொரு வரியும் கூடவே வரும். ஒவ்வொரு லினக்ஸ் பதிப்புக்கும் ஆயுள் உண்டு. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் இடைக்காலப் பதிப்புகளுக்கு 9 மாதம்தான். எல்டிஎஸ் எனப்படும் நீண்டகாலப் பதிப்புகளுக்கு இயல்பான ஆதரவு 5 ஆண்டு. டெபியன் பதிப்புகளுக்கு ஏறக்குறைய 3 ஆண்டு முழு ஆதரவும், அதன்பின் 2 ஆண்டு நீட்டித்த ஆதரவும் கிடைக்கின்றன. ஆயுள் முடிந்த பதிப்பின் பொதிகளை யாரும் அழித்துவிடுவதில்லை. வழக்கமான வழங்கிகளிலிருந்து எடுத்து, பழங்கிடங்கு ஒன்றுக்கு மாற்றிவிடுகிறார்கள். உபுண்டுவுக்கு ஓல்ட்-ரிலீசஸ்.உபுண்டு.காம், டெபியனுக்கு ஆர்க்கைவ்.டெபியன்.ஆர்க், சென்ட்ஓஎஸ் என்ற மற்றொரு லினக்ஸுக்கு வால்ட்.சென்ட்ஓஎஸ்.ஆர்க். சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-ஆம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகு, முகவரிகளை எடுத்துக்கொடுக்கும் மிரர்லிஸ்ட் வழங்கியும் நின்றுவிட்டதால் ஏராளமான கணினிகள் ஒரே நேரத்தில் வழி தெரியாமல் நின்றன.

டெபியன் 10-இன் குறிப்பெயர் பஸ்டர். 2019 ஜூலை 6-இல் வெளிவந்தது, நீட்டித்த ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்தது, பிறகு பழங்கிடங்குக்குப் போனது. அச்சகக் கணினி தேடிப்போன முகவரி காலியாக இருந்ததற்குக் காரணம் இதுதான். சோர்சஸ்.லிஸ்ட் கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, பழைய வரிகளின் முன்னால் ஹாஷ் குறி போட்டு முடக்கினோம். பிறகு இரண்டே வரிகள். முதல் வரி ஆர்க்கைவ்.டெபியன்.ஆர்க்கின் டெபியன் அடைவைச் சுட்டுகிறது, பதிப்பின் பெயராக பஸ்டர். இரண்டாவது வரி அதே வழங்கியின் டெபியன்-செக்யூரிட்டி அடைவைச் சுட்டுகிறது, பதிப்பின் பெயராக பஸ்டர்/அப்டேட்ஸ். சோர்சஸ்.லிஸ்ட்.டி என்ற அடைவையும் திறந்து பாருங்கள். எப்போதோ சேர்த்த உலாவி, அரட்டைச் செயலி போன்ற பிற நிறுவனங்களின் களஞ்சியங்கள் அங்கே இருக்கும். மீட்பு முடியும்வரை அவை எல்லாவற்றையும் முடக்கி வையுங்கள். பாதிப் பிழைகள் அவற்றிலிருந்துதான் வருகின்றன.

பழங்கிடங்கிலிருந்து வாங்கும்போது "ரிலீஸ் கோப்பு காலாவதியாகிவிட்டது" என்று வரலாம். சில களஞ்சியங்கள் ரிலீஸ் கோப்பிலேயே, இந்தத் தேதிவரைதான் இதை நம்பலாம் என்று எழுதிவிடுகின்றன. இது தேவையற்ற கெடுபிடி என்று எண்ணிவிட வேண்டாம். பழைய, ஓட்டையுள்ள பட்டியலை ஒரு தாக்குநர் எடுத்து வைத்துக்கொண்டு, அதையே உங்களிடம் திரும்பத் திரும்ப நீட்டினால் என்ன ஆகும்? கையொப்பம் உண்மையானதாகவே இருக்கும், ஆனால் உங்களுக்குப் புதிய பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட வந்து சேராது. அதைத் தடுக்கத்தான் இந்தத் தேதி. பழங்கிடங்கில் யாரும் புதிதாகக் கையொப்பம் இடப்போவதில்லை என்பதால் இங்கே மட்டும் அதைத் தளர்த்தலாம். ஆப்ட் அப்டேட் கட்டளையோடு அக்வயர்::செக்-வேலிட்-அன்டில்=ஃபால்ஸ் என்ற விருப்பத்தை அந்த ஒரு முறைக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைத்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் பலர் திருப்தியடைந்து நின்றுவிடுகிறார்கள். பிழைகள் மறைந்துவிட்டன, அச்சுப்பொறி மென்பொருளும் கிடைத்துவிட்டது, போதும் என்று தோன்றும். தயவுசெய்து நிற்காதீர்கள். பழங்கிடங்கில் இருப்பவை உறைந்துபோன பொதிகள். இனிக் கண்டுபிடிக்கப்படும் எந்த ஓட்டைக்கும் அங்கே திருத்தம் வராது. முன்பு இணையம் இல்லாமல் இருந்த கணினி இப்போது இணையத்தோடு இணைந்திருக்கிறது என்பதால் ஆபத்து கூடியிருக்கிறது. பழங்கிடங்கு ஆற்றைக் கடக்க உதவும் பரிசல், அதிலேயே குடியிருக்க முடியாது.

இனிச் சாவிகளைப் பற்றி. புதியவர்களை மிரட்டுவதும், தவறான அறிவுரைகள் குவிந்து கிடப்பதும் இங்கேதான். "நோ-பப்கீ" என்று வந்தால் இந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி என் கொத்தில் இல்லை என்று பொருள். "எக்ஸ்ப்கீசிக்" என்று வந்தால் சாவி இருக்கிறது, அதன் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். சாவிகளுக்குக் காலக்கெடு வைப்பது வேண்டுமென்றே செய்வதுதான். ஒரு சாவி எப்போதாவது தொலைந்தாலோ திருடு போனாலோ, அது என்றென்றும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கக் கூடாது அல்லவா? பஸ்டரின் களஞ்சியச் சாவிக்கு ஏறக்குறைய 8 ஆண்டு ஆயுள் வைத்தார்கள்.

சாவிப் பிழை வந்ததும் கையொப்பச் சோதனையையே அணைத்துவிடும்படி சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. களஞ்சிய வரியில் ட்ரஸ்டட்=யெஸ் என்று எழுதச் சொல்வார்கள், அல்லது சரிபார்க்காத பொதிகளையும் அனுமதிக்கும் விருப்பத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். பிழை உடனே மறையும், உண்மைதான். ஆனால் சற்று முன் பார்த்த காவல் முழுதும் அதோடு போய்விடுகிறது. நீங்கள் நிறுவும் பொதிகள் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடுபவை. கதவின் பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவையே கழற்றி வைத்துவிட்டு வெளியூர் போகும் செயல் அது. நேர்மையான வழி இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

நேர்மையான வழி, சாவிக்கொத்தைப் புதுப்பிப்பது. சாவிக்கொத்தும் ஒரு பொதிதான். டெபியனில் அதன் பெயர் டெபியன்-ஆர்க்கைவ்-கீரிங். ஒரு பதிப்பு உயிரோடு இருக்கும்போதே, அடுத்து வரப்போகும் பதிப்பின் சாவிகளை அதன் கொத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தப் புதிய கொத்துக்குப் பழைய சாவிதான் சாட்சிக் கையொப்பம் இடுகிறது. பழையது புதியதை அறிமுகப்படுத்திவிட்டு விடைபெறுகிறது. பழைய கணினியிலிருந்து நேரே புதிய பதிப்புக்குத் தாவினால் ஏன் சாவிப் பிழை வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். அந்த அறிமுகத்தை நாம் தவறவிட்டிருக்கிறோம். ஆகவே முதலில் பழங்கிடங்கிலிருந்து பஸ்டரை அதன் கடைசி நிலைவரை புதுப்பிக்க வேண்டும். ஆப்ட் அப்டேட், பிறகு ஆப்ட் அப்கிரேட். அச்சகத்தில் அந்த நிலையை எட்டியதுமே டெபியன் 11-இன் சாவிகள் கணினிக்குள் வந்துவிட்டிருந்தன.

இந்த அறிமுகச் சங்கிலி அறுந்துபோவதும் உண்டு. காளி லினக்ஸ் திட்டத்தினர் தங்கள் பழைய கையொப்பச் சாவியைப் பயன்படுத்தும் வாய்ப்பையே இழந்துவிட்டதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். சாவி திருடு போகவில்லை, தங்களால் அதை அணுக முடியவில்லை என்றார்கள். புதிய சாவியைப் பழைய சாவியால் அறிமுகப்படுத்த வழி இல்லாமல் போனது. உலகெங்கும் உள்ள காளி பயனர்கள் புதிய சாவிக்கொத்தைத் தாங்களே கையால் இறக்கிச் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்படி ஒரு நிலை வந்தால், நல்ல நிலையில் உள்ள வேறொரு கணினியில் திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்துக்குப் போய்ச் சாவியை இறக்கி, அங்கே வெளியிட்டிருக்கும் சாவியின் கைரேகை எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகே சேர்க்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

சான்றிதழ்களும் இதேபோல் காலாவதியாகின்றன. இணையதளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களைச் சரிபார்க்கப் பல பழைய கணினிகள் நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற வேர்ச் சான்றிதழின் காலம் 2021 செப்டம்பர் 30-இல் முடிந்தது. அன்றிலிருந்து அக்கணினிகளால் எண்ணற்ற எச்டிடிபிஎஸ் தளங்களைத் திறக்க முடியவில்லை. களஞ்சிய முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி, பிழைச் செய்தியில் சர்ட்டிஃபிகேட் என்ற சொல் வந்தால் சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ் என்ற பொதியைப் புதுப்பிக்க வேண்டும். அதை இறக்கவே எச்டிடிபிஎஸ் வேண்டுமே, எப்படி என்று கேட்பீர்கள். முகவரியைத் தற்காலிகமாக வெறும் எச்டிடிபி என்று மாற்றுங்கள். இணைப்பு மறைக்கப்படாவிட்டாலும் பொதியின் உண்மைத்தன்மையைக் கையொப்பம் காத்துக்கொள்கிறது. கையொப்பச் சோதனையை அணைக்காதீர்கள் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டியலும் சாவியும் சரியான பிறகு வரும் தடைகள் பெரும்பாலும் கணினிக்குள்ளேயே இருப்பவை. டிஎஃப் -எச் என்று தட்டி வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கணினியைத் தொடங்கும் கோப்புகள் உள்ள பூட் பகுதியைத் தனியாகச் சிறிதாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்குப் பழைய கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையக்கருக்கள்) சேர்ந்து அந்த இடம் நிரம்பியிருக்கும். ஆப்ட் கிளீன் இறக்கிய பொதிகளின் மிச்சத்தை அகற்றும், ஆப்ட் ஆட்டோரிமூவ் தேவையற்ற பழைய கெர்னல்களை நீக்கும். மின்வெட்டால் நடுவில் நின்றுபோன நிறுவல் இருந்தால் டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ அதை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு பொதிக்குத் தேவையான பிற பொதிகள், அதாவது சார்புகள், முறிந்திருந்தால் ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால். பூட்டுக் கோப்பு இருப்பதாகப் பிழை வந்தால் உடனே அந்தக் கோப்பை அழிக்கப் போகாதீர்கள். பின்னணியில் வேறொரு புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கலாம், அது முடியட்டும்.

இப்போது பதிப்பு தாண்டும் வேலை. டெபியனில் ஒரு நேரத்தில் ஒரு படிதான் ஏற வேண்டும். 10-லிருந்து 11 புல்ஸ்ஐ, அதிலிருந்து 12 புக்வோர்ம், அதிலிருந்து 13 டிரிக்ஸி. நேராகப் 13-க்குத் தாவினால் என்ன என்று நண்பர் கேட்டார். ஒவ்வொரு பதிப்பின் பொதிகளும் முந்தைய பதிப்பிலிருந்து வருபவர்களுக்காகத்தான் சோதிக்கப்படுகின்றன. கோப்புகள் இடம் மாறுவது, ஒரு பொதி இரண்டாகப் பிரிவது, அமைப்புக் கோப்பின் வடிவம் மாறுவது போன்றவற்றுக்கான இடைமாற்ற ஏற்பாடுகளை ஓரிரு பதிப்புகளுக்குப் பிறகு எடுத்துவிடுகிறார்கள். படியைத் தவறவிட்டால் அந்த ஏற்பாடுகளைத் தவறவிடுகிறோம்.

சோர்சஸ்.லிஸ்டில் பதிப்பின் பெயரை மாற்றும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பஸ்டர்வரை பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர் பஸ்டர்/அப்டேட்ஸ் என்ற வடிவில் இருந்தது. புல்ஸ்ஐயிலிருந்து அது புல்ஸ்ஐ-செக்யூரிட்டி என்று மாறிவிட்டது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு வடிவத்தை மாற்றாவிட்டால் மறுபடியும் 404 வரும். புக்வோர்மில் இன்னொரு மாற்றம். வைஃபை அட்டை போன்ற வன்பொருள்களுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பொதிகளை நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவுக்கு நகர்த்தினார்கள். அந்தச் சொல்லைக் களஞ்சிய வரியில் சேர்க்காவிட்டால் அப்பொதிகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்காது. நீங்கள் போகும் பதிப்பு வழக்கமான வழங்கியில் இருக்கிறதா, பழங்கிடங்குக்குப் போய்விட்டதா என்பதையும் ஒவ்வொரு படியிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு படியும் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் ஆப்ட் அப்கிரேட் --வித்தவுட்-நியூ-பேக்கேஜஸ். இதில் பேக்கேஜஸ் என்பதைப் பிகேஜிஎஸ் என்ற நான்கு எழுத்துகளாகத் தட்ட வேண்டும். புதிய பொதி எதையும் சேர்க்காமல், எதையும் நீக்காமல் செய்யக்கூடியதை மட்டும் இது செய்கிறது. பிறகு ஆப்ட் ஃபுல்-அப்கிரேட். எவற்றை நீக்கப்போகிறது என்று அது காட்டும் பட்டியலை நிதானமாகப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் மேசைச் சூழலோ (டெஸ்க்டாப்போ) அன்றாடம் பயன்படுத்தும் செயலியோ இருந்தால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். நடுவில், நீங்கள் திருத்திய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். கைப்படத் திருத்தியது நினைவிருந்தால் உங்களுடையதை வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாகச் செய்பவர்கள் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் அமர்வுக்குள் இருந்து செய்வது கட்டாயம். இணைப்பு அறுந்தாலும் வேலை தொடரும். படி முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்து, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த படி.

32 பிட் கணினி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான கெர்னலும் நிறுவியும் இல்லை. யூநேம் -எம் என்ற கட்டளைக்கு ஐ686 என்று பதில் வந்தால் 12-இலேயே நின்றுவிடுங்கள். பிராசசர் 64 பிட்டாக இருந்து, மென்பொருள் மட்டும் 32 பிட்டாக இருக்கவும் கூடும். அந்நிலையில் புதிதாக 64 பிட் பதிப்பை நிறுவுவதுதான் சரி.

ஆர்ச் லினக்ஸ் பயனர்களுக்குக் கதை வேறு. அங்கே பதிப்பு என்ற ஒன்றே இல்லை, ஆறுபோல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓர் ஆண்டு விட்டுவிட்டுப் புதுப்பித்தால், கையொப்பம் "அன்னோன் ட்ரஸ்ட்" என்றோ பொதி சிதைந்திருக்கிறது என்றோ செய்தி வரும். பொதி சிதைந்திருக்காது. கையொப்பமிட்ட புதிய பராமரிப்பாளரை உங்கள் சாவிக்கொத்துக்குத் தெரியாது, அதுதான் காரணம். ஆர்ச்சில் ஆப்ட்டின் வேலையைச் செய்யும் பேக்மேன் கட்டளையில் எஸ் பெரிய எழுத்தாகவும் ஒய் சிறிய எழுத்தாகவும் இட்டு ஆர்ச்லினக்ஸ்-கீரிங் பொதியை மட்டும் முதலில் நிறுவி, உடனேயே எஸ்-யு விருப்பத்தால் முழுக் கணினியையும் புதுப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேறு எதையும் நிறுவக் கூடாது. பாதி மட்டும் புதுப்பித்த ஆர்ச்சுக்கு ஆதரவு கிடையாது. 2022 முதல் வாரந்தோறும் சாவிகளைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு அந்தப் பொதியிலேயே இருக்கிறது, ஆனால் அணைந்து கிடக்கும் கணினியில் அது எப்படி ஓடும்?

மிகப் பழைய ஆர்ச்சில் இன்னொரு சுவர் இருக்கிறது. 2019 இறுதியில் பொதிகளைச் சுருக்கும் முறையை எக்ஸ்இசட்டிலிருந்து இசட்ஸ்டாண்டர்டுக்கு மாற்றினார்கள். 2018-க்கு முன்பே நின்றுபோன கணினியால் புதிய பொதியைப் பிரித்துக்கூடப் பார்க்க முடியாது. இத்தகைய நிலைக்கு ஆர்ச் லினக்ஸ் ஆர்க்கைவ் கைகொடுக்கிறது. களஞ்சியங்கள் ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தன என்பதைத் தேதிவாரியாக அங்கே சேமித்து வைத்திருக்கிறார்கள். முகவரியில் ஒரு பழைய தேதியை எழுதி அந்நாளின் நிலைக்குப் புதுப்பித்து, பிறகு சில மாதங்கள் முன்னே நகர்ந்து மறுபடி புதுப்பித்து, இப்படிப் படிப்படியாக இன்றைக்கு வந்து சேரலாம். ஆர்ச் முகப்புப் பக்கத்தின் செய்திகளையும் நீங்கள் விட்ட நாளிலிருந்து படித்துவிடுங்கள். 2023 மே மாதத்தில் கம்யூனிட்டி களஞ்சியத்தை எக்ஸ்ட்ராவோடு இணைத்ததும், 2025 ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னதும் அங்கேதான் அறிவிக்கப்பட்டன.

எதற்கும் மசியாத கணினியும் உண்டு. வட்டே பழுதாகத் தொடங்கியிருந்தால், அல்லது ஐந்தாறு பதிப்புகள் பின்தங்கியிருந்தால், தரவை எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே உழைப்பை மிச்சப்படுத்தும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். புதுப்பிப்பின் நடுவில் கணினி தொடங்கவே மறுத்தால் மட்டும் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். நிறுவாமலேயே லினக்ஸ் ஓடும் லைவ் யூஎஸ்பி ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கி, சிஎச்ரூட் என்ற கட்டளை வழியாக வட்டில் உள்ள பழைய லினக்ஸுக்குள் நுழைந்து, விட்ட வேலையை முடித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

அச்சகக் கணினியில் மூன்று படிகளும் ஏற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. கடைசிப் படி முடிந்து பார்த்தால் வாடிக்கையாளர் பட்டியல் காலியாகத் தெரிந்தது. நண்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. டெபியன் 10-இல் இருந்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல் 11, டெபியன் 13-இல் வருவது 17. புதியதை நிறுவும்போது பழைய தரவு தானாக அதற்குள் போய்விடாது, பழைய இடத்திலேயே காத்திருக்கும். காலையில் ஏற்றுமதி செய்து வைத்திருந்த கோப்பைப் புதியதற்குள் ஏற்றினோம். பெயர்கள் வரிசையாகத் திரையில் வந்தன. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேர அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் பொதியை நிறுவினோம். முடக்கி வைத்திருந்த பிற களஞ்சியங்களில் தேவையான ஒன்றை மட்டும் திறந்துவிட்டோம். கணினியின் பக்கப் பலகையைக் கழற்றிப் புதிய பட்டன் பேட்டரி ஒன்றைப் போட்டுவிட்டு, புதிய அச்சுப்பொறியில் அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய ஒரு காதுகுத்து அழைப்பிதழின் முதல் பிரதியை எடுத்துப் பார்த்தோம்.